முன்பணம் கட்டும் முன்: பொறியியல் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு பள்ளிவாசலுக்கு வரும் கேள்விகளின் வகை மாறிவிடும். ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால், கையில் வண்ண நோட்டீஸுடன் யாராவது ஒரு தகப்பனார் காத்திருப்பார். "ஹஜ்ரத், இந்தக் காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் இன்னும் நாலுதான் இருக்காம். இப்பவே முன்பணம் கட்டினா உறுதி பண்ணிடுவாங்களாம். கட்டலாமா?"

நாம் மதரஸாவில் ஓதியவர்கள். பிறகு அஞ்சல் வழியில் ஒரு கலைப் பட்டமும் பெற்றோம். பொறியியல் கல்லூரியில் படித்ததில்லை. எனவே ஆரம்பத்தில், "நன்றாக விசாரித்துச் சேருங்கள், துஆ செய்கிறோம்" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். எங்கே விசாரிப்பது, எதை விசாரிப்பது என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் நமது மதரஸா கூடத்தில் ஒரு 'உயர்கல்வி வழிகாட்டி முகாம்' நடத்த அனுமதி கேட்டு வந்தார்கள். இலவசம் என்றார்கள். நல்ல காரியம்தானே என்று அனுமதித்தோம். ஜும்ஆவில் அறிவிப்பும் செய்தோம். பேச வந்தவர் 'கல்வி ஆலோசகர்' என்று அறிமுகமானார். அவர் ஒரு கல்லூரிக்கு ஆள் சேர்த்துக் கமிஷன் பெறுபவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றே இரண்டு குடும்பங்கள் முன்பணம் கட்டின. மே மாதம் தேர்வு முடிவு வந்தபோது, அவர்களில் ஒரு பையனின் மதிப்பெண்ணுக்கு, முந்தைய ஆண்டுக் கணக்குப்படி, அரசுப் பொறியியல் கல்லூரியிலேயே இடம் கிடைத்திருக்கும். அதற்குள் அசல் சான்றிதழ்களும் முதலாண்டுக் கட்டணமும் போய்ச் சேர்ந்துவிட்டன. வளைகுடாவிலிருந்து பேசிய அந்தப் பையனின் அத்தா, "நஸீபு அவ்வளவுதான் ஹஜ்ரத்" என்று பேச்சை முடித்துக்கொண்டார்.

நஸீபு இருக்கட்டும். விசாரிக்காமல் மேடை கொடுத்தது நமது தவறு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்கல் பேச வேண்டும். அதன் பிறகு, மஹல்லாவில் பொறியியல் படித்த பிள்ளைகளையும் கல்லூரி ஆசிரியர்களையும் அழைத்து உட்காரவைத்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

அவசரம் யாருக்கு?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம். தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரி இடங்கள் இரண்டு வழிகளில் நிரப்பப்படுகின்றன. ஒன்று, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் இணையவழியில் நடத்தும் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு. அரசு கல்லூரிகள் மற்றும் அண்ணா பல்கலைக்கழகத் துறைகளின் இடங்கள் இதன் வழியாகவே நிரம்புகின்றன. தனியார் சுயநிதிக் கல்லூரிகளும் தங்கள் இடங்களில் குறைந்தது 65 விழுக்காட்டை இதற்குக் கொடுக்க வேண்டும். சிறுபான்மைக் கல்லூரி என்றால் 50 விழுக்காடு. மீதமுள்ளவை நிர்வாக ஒதுக்கீடு. 'நாலு சீட்தான் இருக்கிறது' என்று மார்ச், ஏப்ரலில் நம்மை அவசரப்படுத்துவது இந்த இரண்டாவது வகைக்குத்தான்.

கலந்தாய்வுக்கான பதிவு மே மாதத்தில் தொடங்கி, கலந்தாய்வு ஜூலைக்குப் பிறகே சுற்று சுற்றாக நடக்கிறது. அதாவது, பிள்ளையின் மதிப்பெண் தெரிந்த பிறகு யோசிக்க நமக்கு இரண்டு மாதங்களுக்கு மேல் இருக்கின்றன. அவசரம் இடத்தை விற்பவருக்குத்தான். நல்ல மதிப்பெண் வந்துவிட்டால் நீங்கள் அவர் கையை விட்டுப் போய்விடுவீர்கள் என்பது அவருக்குத் தெரியும்.

நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வதே தவறு என்று நாம் சொல்லவில்லை. மதிப்பெண் குறைந்து, வசதியும் இருந்து, கல்லூரியும் தரமானதாக இருந்தால் அதுவும் ஒரு வழிதான். ஆனால் அது கடைசி வழி. முதல் பட்டதாரி கட்டணச் சலுகை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான ஒதுக்கீடு ஆகியவை கலந்தாய்வு வழியாக வருபவர்களுக்கு மட்டுமே என்பதை மறக்க வேண்டாம். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த அன்றே இவற்றை இழக்கிறோம்.

முன்பணம் கட்டியவர்களும் நம்பிக்கை இழக்க வேண்டாம். வகுப்பு தொடங்குவதற்கு முன் மாணவர் விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும்; அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது. இது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் (ஏ.ஐ.சி.டி.இ.) விதி. நன்கொடை வாங்குவதைத் தடை செய்யும் தனிச் சட்டமும் தமிழ்நாட்டில் 1992 முதல் இருக்கிறது. ஆனால் எந்தச் சட்டத்தைக் காட்டி வாதாடவும் கையில் ரசீது வேண்டும். ரசீது தராத இடத்தில் ஒரு ரூபாயும் தராதீர்கள்.

கட்-ஆஃப்: ஒரு சின்னக் கணக்கு

கலந்தாய்வுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும்தான் கணக்கில் வரும். கணித மதிப்பெண் அப்படியே 100-க்கு. இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கப்பட்டு 50, 50. மொத்தம் 200. ஒரு பிள்ளை கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 90 வாங்கியிருந்தால் கட்-ஆஃப் 92 + 44 + 45 = 181. தமிழிலும் ஆங்கிலத்திலும் எவ்வளவு வாங்கினாலும் இதில் சேராது. 'மொத்தம் 540 மார்க், ஏன் நல்ல காலேஜ் கிடைக்கலை?' என்று சிலர் குழம்புவது இதனால்தான்.

இந்த 181-க்கு எங்கே இடம் கிடைக்கும் என்பதை ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கல்லூரியிலும், ஒவ்வொரு பிரிவிலும், ஒவ்வொரு இட ஒதுக்கீட்டு வகுப்பிலும் முந்தைய ஆண்டுகளில் கடைசியாக எந்தக் கட்-ஆஃபுக்கு இடம் கிடைத்தது என்ற பட்டியல் கலந்தாய்வு இணையதளத்திலேயே இருக்கிறது. நோட்டீஸைப் படிக்கும் நேரத்தில் இந்தப் பட்டியலைப் படித்துவிடலாம்.

3.5 விழுக்காடு: நம் கையில் உள்ள உரிமை

தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு 2007-இல் வந்தது. கலந்தாய்வுப் பட்டியலில் 'பி.சி.எம்.' என்று இருப்பது இதுதான். இதில் அன்சார், தக்கானி முஸ்லிம், தூதேகுலா, லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), மாப்பிள்ளா, ஷேக், சையத் ஆகிய பிரிவுகள் அடங்கும்.

இதில் இரண்டு தவறான எண்ணங்கள் நம்மிடம் இருக்கின்றன. 'பி.சி.எம். என்று போட்டால் அந்த 3.5-க்குள் மட்டும்தான் போட்டி' என்பது ஒன்று. அப்படியில்லை. 31 விழுக்காடு பொதுப் பிரிவு இடங்கள் எல்லா வகுப்பினருக்கும் உரியவை. தரவரிசை இருந்தால் நம் பிள்ளை பொதுப் பிரிவிலேயே இடம் பெறுவார், இல்லாவிட்டால் பி.சி.எம். கைகொடுக்கும். 'வருமானம் அதிகம், நமக்குக் கிடைக்காது' என்பது இன்னொன்று. மாநில ஒதுக்கீட்டுக்கு வருமான வரம்பு இல்லை. மத்திய அரசு நிறுவனங்களுக்கான ஓ.பி.சி. சான்றிதழ்தான் வேறு, அதற்கு வரம்பு உண்டு. ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்கு முயல்பவர்கள் அந்தச் சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். அங்கே சேர்க்கை ஜே.இ.இ. தேர்வு வழியாக.

ஒரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். 60 இடங்கள் கொண்ட ஒரு பிரிவில் 3.5 விழுக்காடு என்பது இரண்டு இடம். சுயநிதிக் கல்லூரியில் கலந்தாய்வுக்கு வருவது 39 என்றால், நமக்கு ஒன்றோ இரண்டோதான். ஒரே ஒரு இடத்தின் கட்-ஆஃப் ஓராண்டு 185 என்றும் மறு ஆண்டு 170 என்றும் ஏறி இறங்கும். அந்த ஆண்டு யார் அந்தப் பிரிவைக் கேட்டார் என்பதைப் பொறுத்தது அது. எனவே ஓராண்டுப் பட்டியலைப் பார்த்து 'கிடைக்கும்' என்றோ 'கிடைக்காது' என்றோ முடிவு கட்டாதீர்கள். மூன்று ஆண்டுப் பட்டியலைச் சேர்த்துப் பாருங்கள்.

சான்றிதழ்கள்: நாம் தடுக்கி விழும் இடம்

நம் வீடுகளில் மதிப்பெண்ணைவிடச் சான்றிதழ்தான் அதிகம் காலை வாரிவிடுகிறது. ஆதாரில் 'முகமது', பள்ளிச் சான்றிதழில் 'மொஹமத்', சாதிச் சான்றிதழில் 'முஹம்மது' என்று ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர்கள் இருக்கும். இனிஷியலும் மாறியிருக்கும். பத்தாம் வகுப்பிலேயே இவற்றைச் சரிசெய்து வைத்துவிட்டால் பிளஸ் டூ முடிந்தபின் அலைய வேண்டியதில்லை.

சாதிச் சான்றிதழில் வெறும் 'முஸ்லிம்' என்று இல்லாமல், மேலே சொன்ன பிரிவுகளில் எது என்பது தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். குடும்பத்தில் பெற்றோர், தாத்தா, பாட்டி, உடன்பிறந்தோர் என எவரும் பட்டம் பெறாதிருந்தால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். வளைகுடாவிலோ வேறு மாநிலத்திலோ படித்த பிள்ளைகள், எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படிக்காதவர்கள் என்பதால், பிறப்பிடச் சான்றிதழ் தேவைப்படும். ஜூன் மாதம் விமானம் ஏறி வந்து தாலுகா அலுவலகத்தில் நிற்கும் குடும்பங்களை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2021 முதல் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்வோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்களும் இருக்கின்றன: மாணவியருக்குப் புதுமைப்பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன். 'கவர்ன்மென்ட் ஸ்கூல்ல படிச்ச பிள்ளை, என்ஜினீயரிங் எங்கே' என்று ஒதுங்கி நிற்கும் வீடுகளுக்கு இதை எடுத்துச் சொல்வது நமது பொறுப்பு.

ஒரு கல்லூரியை எடைபோடுவது எப்படி?

கட்டடமும், பேருந்துகளின் எண்ணிக்கையும், விழாவுக்கு வந்த நடிகரும் கல்லூரியின் தரத்தைச் சொல்ல மாட்டார்கள். கீழ்க்கண்டவற்றைப் பார்ப்போம்.

அங்கீகாரம்: ஏ.ஐ.சி.டி.இ. அனுமதியும் பல்கலைக்கழக இணைப்பும் அடிப்படை. அவை இல்லாத இடத்தில் பேச்சே இல்லை. 'நாக்' என்பது கல்லூரி முழுவதற்கும் தரப்படும் மதிப்பீடு. என்.பி.ஏ. என்பது ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. மெக்கானிக்கல் பிரிவுக்கு என்.பி.ஏ. வாங்கிவிட்டு, நோட்டீஸில் பொதுவாக 'என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்றது' என்று போடுவார்கள். உங்கள் பிள்ளை சேரும் பிரிவுக்கு இருக்கிறதா, எந்த ஆண்டு வரை செல்லும் என்று கேளுங்கள். குறைந்தது இரண்டு அணி மாணவர்கள் படித்து வெளியேறிய பிறகே ஒரு பிரிவு என்.பி.ஏ.வுக்குத் தகுதி பெறும். எனவே புதிதாகத் தொடங்கிய பிரிவுக்கு அது இல்லாதது குறையல்ல. ஆனால் அங்கே இதுவரை எவரும் படித்து முடிக்கவில்லை என்பதை அது நினைவூட்டும்.

தேர்ச்சி விகிதம்: அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தைப் பருவத் தேர்வுவாரியாக வெளியிடுகிறது. நூறு பேர் எழுதி முப்பது பேர்தான் தேறுகிறார்கள் என்றால் நான்கு ஆண்டில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். அரியர்களோடு வெளியே வரும் பிள்ளைக்குப் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. தன்னாட்சிக் கல்லூரிகளை இந்தப் பட்டியலோடு ஒப்பிடக் கூடாது. அவை பாடத்திட்டத்தையும் தேர்வையும் தாமே நடத்துகின்றன. பட்டத்தை மட்டும் பல்கலைக்கழகம் தருகிறது. நல்ல கல்லூரிக்குத் தன்னாட்சி வரம். சாதாரணக் கல்லூரிக்கு அது தன் பிள்ளைக்குத் தானே மார்க் போட்டுக்கொள்ளும் வசதி.

ஆசிரியர்கள்: இதுதான் உயிர்நாடி. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஓர் உண்மையை வெளியே கொண்டுவந்தது. ஒரே பேராசிரியர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தார். ஒருவர் இருவர் அல்ல, பலர். ஆகவே இணையதளத்தில் உள்ள ஆசிரியர் பட்டியலை மட்டும் நம்ப முடியாது. மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் அந்தப் பட்டியலைக் காட்டி, 'இவர்களில் யார் யார் உங்களுக்குப் பாடம் நடத்தினார்கள்?' என்று கேளுங்கள்.

வேலைவாய்ப்பு: 'அதிகபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 40 லட்சம்' என்ற விளம்பரம் ஒரே ஒரு பையனைப் பற்றியது. '900 வேலை வாய்ப்புகள்' என்றால் 900 பேருக்கு வேலை என்று பொருளில்லை. ஒருவருக்கே மூன்று நிறுவனங்களின் கடிதம் வந்திருக்கலாம். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2016 முதல் வருகிறது. அதில் பங்கேற்கும் கல்லூரி, எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுநிலைச் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்ற விவரங்களைக் கொடுக்க வேண்டும். கல்லூரியின் இணையதளத்திலேயே அந்தப் படிவம் இருக்கும். நடுநிலைச் சம்பளம் என்றால், வேலை பெற்றவர்களை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம். முதலில் நிற்பவரை விட்டுவிட்டு இவரைப் பாருங்கள். உங்கள் பிள்ளையும் பெரும்பாலும் இவர் அருகில்தான் நிற்பார். இந்த விவரங்களைக் கல்லூரியே தருகிறது என்பதால், முன்னாள் மாணவர்களிடமும் ஒப்பிட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது.

நேரில் பார்த்தல்: கல்லூரி அழைக்கும் நாளில் போகாதீர்கள். வகுப்பு நடக்கும் ஒரு சாதாரண நாளில், உங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போங்கள். பிள்ளை நான்கு ஆண்டுகள் போகப்போகும் பாதை அதுதான். ஆய்வகத்தில் கருவிகள் இயங்குகின்றனவா, உறை போட்டு மூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். நூலகத்தில் ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வாசலில் உள்ள டீக்கடையில் உட்காருங்கள். அலுவலக அறையில் கிடைக்காத பதில்கள் அங்கே கிடைக்கும்.

எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு?

'நல்ல கல்லூரியில் விரும்பாத பிரிவா, சாதாரணக் கல்லூரியில் விரும்பிய பிரிவா?' இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஆனால் நாம் பார்த்த வரையில், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற பெயருக்காக மிகப் பலவீனமான கல்லூரியில் போய் விழுவதுதான் அதிகம் நடக்கிறது. நல்ல ஆசிரியரும் ஆய்வகமும் உள்ள அரசு கல்லூரியில் எலக்ட்ரிக்கலோ மெக்கானிக்கலோ சிவிலோ படித்தவர், ஆர்வம் இருந்தால் கணினித் துறைக்கும் போக முடிகிறது. பாடம் நடத்த ஆளில்லாத இடத்தில் 'ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ்' படித்தவர் எங்கும் போக முடியாமல் நிற்கிறார். கோவை ஜி.சி.டி., காரைக்குடி அழகப்பா செட்டியார் கல்லூரி, சேலம், திருநெல்வேலி, பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரிகளின் பெயர்கள் நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? நோட்டீஸ் அடிக்காத கல்லூரிகள் என்பதால் நம் காதுக்கு வருவதில்லை. கட்டணமோ சுயநிதிக் கல்லூரிகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

எல்லாவற்றுக்கும் முன் பிள்ளையைக் கேளுங்கள். கணிதம் பிடிக்காத பிள்ளையைப் பொறியியலில் தள்ளினால், முதலாண்டுக் கணிதத் தாளே நான்காம் ஆண்டு வரை கூட வரும். பிளஸ் டூவில் மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு பாலிடெக்னிக் என்ற வழியும் இருக்கிறது. டிப்ளமோ முடித்து நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

'நம்மவர் கல்லூரி' பற்றியும் கேட்கிறார்கள். கீழக்கரை முகமது சதக், வண்டலூர் கிரசென்ட் போன்றவை 1984-இல் தொடங்கப்பட்டபோது நம் பிள்ளைகளுக்கு அவை பெரிய வாசல். கிரசென்ட் இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் சேர்க்கை இந்தக் கலந்தாய்வில் வராது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும், கட்டணமும் தனி. ஜும்ஆவுக்கும் தொழுகைக்கும் வசதி இருப்பது நமக்கு முக்கியம்தான். ஆனால் மேலே சொன்ன கேள்விகளை நம்மவர் கல்லூரியிடமும் அப்படியே கேட்க வேண்டும். நல்ல கல்லூரிக்குப் பதில் சொல்வதில் தயக்கம் இருக்காது.

பெண்பிள்ளைகளின் விஷயத்தில்

ஆண்பிள்ளைக்குக் கோவை வரை தேடும் வீடு, பெண்பிள்ளைக்கு மட்டும் 'வேன் வருகிற காலேஜ்' என்ற ஒரே அளவுகோலை வைக்கிறது. 190 கட்-ஆஃப் வாங்கிய பெண்ணை, இடம் நிரம்பாமல் ஆளில்லாத கல்லூரியில் சேர்த்ததை நாம் பார்த்திருக்கிறோம். பாதுகாப்பு பற்றிய கவலை நியாயமானது. அதை விசாரணையாக மாற்ற வேண்டும். விடுதிக் காப்பாளர் பெண்ணா, அங்கேயே தங்குகிறாரா? மாலை எத்தனை மணிக்கு மேல் வெளியே விடுவதில்லை? ஊருக்குப் போகும் வழியில் எத்தனை முறை பேருந்து மாற வேண்டும்? அந்த விடுதியில் ஏற்கெனவே நம் பகுதிப் பெண்கள் இருக்கிறார்களா? பிள்ளையின் உம்மாவை அழைத்துச் சென்று விடுதி அறையையும் குளியலறையையும் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிவது நமக்குத் தெரியாது. தினமும் மூன்று மணி நேரம் வேனில் போய்வருவதைவிட நல்ல விடுதி பாதுகாப்பானதாகவும் இருக்கலாம். விசாரித்த பின் வேண்டாம் என்றால் அது முடிவு. விசாரிக்காமலே வேண்டாம் என்றால் அது அந்தப் பிள்ளையின் உழைப்புக்குச் செய்யும் அநீதி.

செலவும் கடனும்

கலந்தாய்வு இடத்துக்கான கல்விக் கட்டணத்தை ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்கிறது. ஆனால் கட்டணம் அங்கே முடிவதில்லை. பேருந்து, விடுதி, சீருடை, தேர்வு, 'பயிற்சிக் கட்டணம்' என்று ஒவ்வொன்றாக வரும். சேரும் முன்பே நான்கு ஆண்டுக்கும் சேர்த்து என்னென்ன என்று எழுதித் தரச் சொல்லுங்கள். முதலாண்டுப் பணத்தை மட்டும் பார்த்துச் சேர்த்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் உம்மாவின் வளையலை அடகு வைக்கும் நிலை பல வீடுகளில் வருகிறது.

வட்டிக் கடனைப் பற்றிய கேள்வி நம்மிடம்தான் முதலில் வரும். வட்டி ஹராம் என்பதில் மாற்றமில்லை. அதைச் சொல்லிவிட்டு ஆலிம்கள் எழுந்து போய்விட்டால், அந்தத் தகப்பனார் அடுத்த தெருவில் அதைவிடக் கடும் வட்டிக்கு வாங்குவார். எனவே வரிசையாக யோசிப்போம். முதலில் செலவு குறைந்த இடத்தைப் பிடிக்கப் பாருங்கள். அரசு கல்லூரியும் முதல் பட்டதாரிச் சலுகையும் கிடைத்தாலே பாதிக் கடன் தேவையில்லாமல் போகும். பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நலத்துறை உதவித்தொகைகளுக்கு விண்ணப்பியுங்கள். அதன்பின் ஜமாஅத்தின் பைத்துல்மால். ஏழைக் குடும்பத்துப் பிள்ளை என்ற தகுதியில் ஜகாத்திலிருந்து உதவலாம். மற்றவர்களுக்கு வட்டியில்லாக் கடன் தரலாம். படித்து வேலைக்குப் போனவர் திருப்பித் தரும் பணத்தில் அடுத்த பிள்ளை படிக்கும்.

விருப்பப் பட்டியல்: கடைசிப் படி

கலந்தாய்வில் கல்லூரியையும் பிரிவையும் சேர்த்து வரிசையாகப் பட்டியலிட வேண்டும். கணினி அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, நம் தரவரிசைக்கு முதலில் காலியாக உள்ள இடத்தைத் தரும். எனவே 'எது கிடைக்கும்' என்ற வரிசை வேண்டாம். 'எது வேண்டும்' என்ற வரிசையில் போடுங்கள். எட்டாது என்று நினைக்கும் கல்லூரியை மேலே போடுவதால் எதுவும் குறைந்துவிடாது. எண்ணிக்கைக்கும் வரம்பில்லை. ஐந்தாறு மட்டும் போட்டுவிட்டு ஒன்றும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குப் போனவர்கள் உண்டு. ஆனால் கிடைத்தாலும் சேரமாட்டோம் என்ற கல்லூரியைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

ஒவ்வொரு கல்லூரிக்கும் ஓர் எண் உண்டு. ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் இருப்பதால் எண்ணைப் பார்த்துத்தான் போட வேண்டும். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறிப்பிட்ட காலத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும். ஏற்றுச் சேரலாம், ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கலாம், மறுத்து அடுத்த சுற்றுக்குப் போகலாம். உறுதிசெய்ய மறந்தால் இடம் போய்விடும். கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் பிரவுசிங் சென்டர்காரரிடமோ ஏஜென்ட்டிடமோ கொடுக்காதீர்கள். பட்டியலை அவர் தனக்கு வேண்டியபடி மாற்றினால் உங்களுக்குத் தெரியாது.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள்

இவ்வளவையும் ஒரு தகப்பனார் தனியாகச் செய்வது கடினம். மஹல்லா செய்யலாம். நமது ஊரில் இப்போது எந்தக் கல்லூரிக்கும் மைக் கொடுப்பதில்லை. அதற்குப் பதிலாக, விடுமுறையில் வரும் நம் பொறியியல் பிள்ளைகளை உட்காரவைத்து, 'உன் கல்லூரி எப்படி, உண்மையைச் சொல்' என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம். ஜூன், ஜூலையில் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் மதரஸாவில் ஒரு லேப்டாப்பும், விவரம் தெரிந்த இரண்டு இளைஞர்களும் இருப்பார்கள். செலவு என்று பார்த்தால் டீக்காசுதான்.

ஆலோசனை செய்து, விசாரித்து, இஸ்திகாராவும் தொழுது முடிவெடுங்கள். அதற்குப் பிறகு கிடைப்பதைப் பொருந்திக்கொள்வோம். அடுத்த முறை யாராவது 'நாலு சீட்தான் இருக்கு' என்று நோட்டீஸை நீட்டினால் ஒரு பதில் மட்டும் சொல்லுங்கள்: "ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம்."

நம் பிள்ளைகளின் கல்வியை அல்லாஹ் பயனுள்ளதாக ஆக்குவானாக.